புதிதாகக் கட்டிய என்ஜின், ஆயிலில் உலோகத் தூள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

டீசல் பிக்கப் வண்டிக்கு லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டுக் கட்டினோம். 200 கிலோமீட்டரில் ஆயிலை வடித்தால், வெயிலில் சில்வர் பெயின்ட் கலந்த மாதிரி மின்னுகிறது. டிரெயின் போல்ட் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை. மறுபடி என்ஜினை இறக்க வேண்டுமா?
(ஈரோடு)

இப்போதைக்கு வேண்டாம். ஹோனிங் செய்த (உரசு கல்லால் உட்சுவரைத் தேய்த்த) லைனரில், அதாவது பிஸ்டன் ஓடும் உருளையில், குறுக்கும் மறுக்குமாகக் கோடுகள் இருக்கும். அவற்றின் கூர்முனைகளைப் புது ரிங் தேய்த்துத் தனக்கு ஏற்றபடி ஆக்கிக்கொள்கிறது. காந்தத்தில் ஒட்டியது பெரும்பாலும் அந்த இரும்புப் பொடிதான். இந்தத் தேய்மானத்தின் பெரும்பகுதி என்ஜின் ஓடத் தொடங்கிய முதல் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும்.

பசையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் நல்லது. நறநறவென்றால் இரண்டு சந்தேகம் வரும். ஒன்று, உலோகச் செதில். இன்னொன்று, லேத் பட்டறையில் ஹோனிங் கல்லிலிருந்து உதிர்ந்த மணல். நம் ஊரில் என்ஜின் கெடுவதற்கு இந்த இரண்டாவது காரணம் அதிகம் என்பது என் கருத்து. போரை (பிஸ்டன் ஓடும் துளையை) மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, அப்படியே கட்டிவிடுகிறார்கள். மண்ணெண்ணெய் எண்ணெயை மட்டும் கரைக்கும், மணல் கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். சுடுநீர், சோப்பு, கெட்டி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை விடக்கூடாது.

அப்புறம், பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள், அறுத்துப் பாருங்கள். ஆக்ஸா பிளேடு வேண்டாம், அது தன் பங்குக்கு இரும்புத் தூளைச் சேர்த்துவிடும். ஃபில்டர் கட்டர் கிடைக்கும். உள்ளே இருக்கும் காகித மடிப்பை வைஸில் இறுக்கி ஆயிலைப் பிழிந்துவிட்டு, விரித்து வெயிலில் பாருங்கள். மினுமினுக்கும் தூசு மட்டும் என்றால் புது ஆயில், புது ஃபில்டர் போட்டு ஓட்டுங்கள். 500 கிலோமீட்டரில் மறுபடி வடிக்கும்போது மினுமினுப்பு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால்தான் கவலை. நகத்தில் தட்டுப்படும் அளவுக்குச் செதில் இருந்தால் 500 வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

100 சிசி பைக். என்ஜின் கட்டி முதல் ஆயில் மாற்றும்போது சுருள் சுருளாக நான்கைந்து வெள்ளைத் துண்டுகள் வந்தன. காந்தத்தில் ஒட்டவில்லை.
(திண்டுக்கல்)

அலுமினியம். சுருளாக இருப்பதால் அது தேய்ந்து வந்தது அல்ல, கருவி வெட்டியது. டிரெயின் போல்ட் மரை போய், புதிதாக டேப் போட்டு மரை வெட்டினார்களா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஆமாம் என்பார். அடுத்த ஆயிலில் வரவில்லை என்றால் விட்டுவிடலாம். (வார்ப்பிரும்பு போரை லேத்தில் கடைந்தால் நீளச் சுருள் வராது, குருணையாகத்தான் உதிரும். அதனால் போரிங் பட்டறைக்காரர் மேல் இந்தப் பழி வேண்டாம்.)

புல்லட் கட்டியிருக்கிறேன். ஆயிலில் காந்தத்தில் ஒட்டும் சின்னச் சின்னத் துண்டுகள். கிராங்க் போய்விட்டதா?
(நாமக்கல்)

எந்த புல்லட் என்று சொல்லவில்லையே. பழைய வார்ப்பிரும்பு என்ஜின் என்றால் என்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் பக்கம் மூன்றுக்கும் தனித்தனி எண்ணெய். எதில் துண்டு வருகிறதோ அங்கேதான் கோளாறு. யூசிஇ என்ஜினில் (என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் பிந்தைய வகை) எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில், அதனால் கியர் பல் முனை உடைந்தாலும் அங்கேதான் வந்து விழும். கூர்மையான, ஒரு பக்கம் பளபளப்பான, தடித்த துண்டு என்றால் முதலில் கியரைச் சந்தேகப்படுங்கள். எந்த கியரில் சத்தம் வருகிறது, எது நழுவுகிறது என்று ஓட்டிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

கார் டீசல் என்ஜின். பேரிங் அடித்துப் போனதால் கிராங்க் கிரைண்டிங் செய்து, 0.25 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் பேரிங் (மெலிந்த கிராங்குக்கு ஏற்ற தடித்த பேரிங்) போட்டோம். ஒரே மாதத்தில் ஃபில்டரில் செம்பு நிறச் செதில்கள். பேரிங் மட்டமான சரக்கா?
(மதுரை)

இருக்கலாம், ஆனால் அதைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். மூன்று அடுக்குப் பேரிங்கில் முதுகு எஃகு, நடுவில் செம்பு–ஈயக் கலவை, மேலே மெல்லிய மென்மையான பூச்சு. செம்பு நிறம் ஆயிலுக்கு வருகிறது என்றால் மேல்பூச்சு போய்விட்டிருக்கலாம். வண்டியை ஓட்டாதீர்கள். கன்ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) சின்ன முனை புஷ், டர்போ புஷ் ஆகியவையும் இதே நிறத்தில் உதிரும். அதனால் என்ஜினை இறக்குமுன் சம்ப்பை (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) கழற்றி, பிக் எண்ட் கேப்களை (கன்ராடின் கிராங்க் பக்க மூடிகளை) ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

பேரிங்தான் என்று உறுதியானால், காரணத்தை மூன்று இடத்தில் தேடுங்கள். முதலாவது ஆயில் கூலர். பழைய பேரிங் உதிர்த்த உலோகம் அதன் குறுகிய வழிகளில் ஒளிந்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுதாக வெளியேறியதா என்று பார்க்க வழியில்லை. மாற்றிவிடுவதே உத்தமம், செலவு அதிகம்தான். இரண்டாவது, கிராங்கின் உள்ளே ஓடும் ஆயில் துளைகள். கிரைண்டிங் கல்லின் தூள் அதற்குள் போகும். அடைப்பான் இருந்தால் கழற்றி, பிரஷ் விட்டுக் கழுவியிருக்க வேண்டும். கிரைண்டிங்குக்குப் பிறகு துளையின் விளிம்பு கத்திபோல் நிற்கும், அதையும் மழுக்க வேண்டும். மூன்றாவது, கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி. 50 மில்லிமீட்டர் ஜர்னலுக்கு (பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் பகுதி) 0.05 மில்லிமீட்டர் சுமாரான கணக்கு. உங்கள் என்ஜினின் சரியான எல்லையை சர்வீஸ் மேனுவலில் பார்த்து, பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிக் இழை) வைத்து அளந்தார்களா என்று கேளுங்கள். ‘கையால் ஆட்டிப் பார்த்தோம்’ என்பது பதில் அல்ல.

இன்னொன்று. இன்று பல என்ஜின்களில் அலுமினியப் பேரிங் வருகிறது. அதில் செம்பு நிறமே வராது. செம்பு தெரியவில்லை என்று மற்றவர்கள் நிம்மதி அடைய வேண்டாம்.

ஆயிலோடு அரை லிட்டர் டீசல் ஊற்றி ஓடவிட்டால் தூள் எல்லாம் வெளியே வந்துவிடும் என்கிறார்களே?
(கரூர்)

ஆயில் நீர்த்துப்போகும், புதுப் பேரிங் அடிபடும். அந்தக் காசில் இன்னொரு ஃபில்டர் வாங்குங்கள்.

லேபில் ஆயில் பரிசோதித்தோம். இரும்பும் சிலிக்கானும் அதிகம் என்று ரிப்போர்ட். காற்று ஃபில்டர் புதுசு.
(கோவை)

புதிதாகக் கட்டிய என்ஜினில் இரும்பு அதிகமாகத்தான் இருக்கும். சிலிக்கானுக்கு, சம்ப்பில் தடவிய சிலிகோன் சீலன்ட் ஒரு காரணமாக இருக்கலாம். சிலிக்கானோடு அலுமினியமும் சேர்ந்து ஏறினால் தூசி உள்ளே போகிறதா என்று ஏர் ஹோஸ் கிளாம்ப்பைச் சோதியுங்கள். லேபில் ஆயிலை அளக்கும் கருவிக்கு மிக நுண்ணிய துகள்கள்தான் தெரியும், பெரிய செதில் கணக்கில் வராது. ரிப்போர்ட் நன்றாக இருந்து ஃபில்டரில் செதில் இருந்தால், ஃபில்டரை நம்புங்கள். ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்ட முடியாது. அடுத்த ஆயில் மாற்றத்தில், என்ஜின் சூடாக இருக்கும்போது, முதல் வடிப்பையும் கடைசி வடிப்பையும் விட்டுவிட்டு நடுவில் மாதிரி பிடித்து, அதே லேபுக்கே அனுப்புங்கள்.