கோடை விடுமுறையில் அக்கா குடும்பம், தோழி குடும்பத்தோடு இரண்டு நாள் ஏற்காடு: தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மா எப்படித் திட்டமிடுவது?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவுக்கு இந்தப் பதில். நீங்கள் கொடுத்த கணக்கு இது: நீங்கள், 9 வயது, 4 வயது என இரண்டு பிள்ளைகள். அக்கா வீட்டில் பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர். தோழி வீட்டில் பெரியவர் இருவர், ஒரு பிள்ளை. சென்னையிலிருந்து வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு ரயிலில் திரும்ப வேண்டும்.

டிக்கெட் போடும் முன்பே காசுக் கணக்கைப் பேசிவிடுங்கள். பெரும்பாலும் "மூணு குடும்பம், மூணா பிரிச்சுக்கலாம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஒற்றைச் சம்பளத்தில் வீடு நடத்துகிறவருக்கு அது நியாயமில்லை. பெரியவருக்கு 1 பங்கு, பிள்ளைக்கு அரைப் பங்கு என்று வையுங்கள். உங்களுக்கு 2, அக்காவுக்கு 3, தோழிக்கு 2.5, மொத்தம் 7.5 பங்கு. சாப்பாடு, டிக்கெட் என்று பொதுச் செலவு 30,000 ரூபாய் ஆனால் ஒரு பங்கு 4,000. மூன்றாகப் பிரித்தால் நீங்கள் 10,000 தரவேண்டும், இந்தக் கணக்கில் 8,000 போதும். சேலத்திலிருந்து மலையேறும் வேன் வாடகையை மட்டும் சீட் கணக்கில் பிரியுங்கள், அதில் பிள்ளைக்கும் முழு இடம் வேண்டும். அறை வாடகை அவரவருடையது. "நீ ஒருத்திதானே, பிள்ளைங்களோட எங்க ரூம்லயே படுத்துக்கோ" என்று அக்கா பாசத்தோடுதான் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். 4 வயதுப் பிள்ளை மதியம் தூங்கவும், நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் சும்மா படுக்கவும் சின்னதாக ஒரு அறை தனியாக இருந்தே ஆகவேண்டும்.

ரயிலுக்கு முன்பதிவு 60 நாள் முன்னால், காலை 8 மணிக்குத் திறக்கும். மே மாத வெள்ளிக்கிழமை என்றால் அன்றைக்கே போட்டுவிடுங்கள். ஏற்காடு எக்ஸ்பிரஸ் இரவில் சென்னை சென்ட்ரலில் கிளம்பி விடியும் முன் சேலம் சேர்ந்துவிடும். ஒரு பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவில், 6 பேர்தான் போடலாம். நீங்களும் பெரிய பிள்ளையும் தோழி குடும்பமும் ஒன்றில், அக்கா குடும்பம் இன்னொன்றில். உங்களையும் உங்கள் பிள்ளையையும் எக்காரணம் கொண்டும் இரண்டாகப் பிரிக்காதீர்கள். 5 முதல் 11 வயது வரை அரை டிக்கெட் உண்டு, ஆனால் அதில் பெர்த் வராது. இரவுப் பயணம் என்பதால் 9 வயதுக்கு முழுக் கட்டணம் கட்டி பெர்த் எடுங்கள். சின்னவனுக்கு டிக்கெட் வேண்டாம், உங்களோடு கீழ் பெர்த்தில் சுவர்ப்பக்கம் படுக்க வைத்துக்கொள்ளலாம்.

பலரும் கோட்டைவிடும் இடம் சனிக்கிழமை காலை. ஏழு மணிக்கெல்லாம் மேலே போய்விடுவீர்கள், விடுதியில் பெரும்பாலும் மதியம்தான் அறை தருவார்கள். தூக்கம் கலைந்த ஐந்து பிள்ளைகளோடு வரவேற்பறையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் அன்றைய நாளே வீண். ஒரே ஒரு அறையை மட்டும் வெள்ளி இரவிலிருந்து எடுத்து, "சனி காலை ஏழு மணிக்கு வருவோம்" என்று போனில் சொல்லி வையுங்கள். குளிக்க, பல்தேய்க்க எல்லோருக்கும் அது போதும்.

சேலத்திலிருந்து மேலே சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். வேனை விடிந்த பிறகு ஏறச் சொல்லுங்கள். வாடகை பேசும்போதே டிரைவர் பேட்டா, மலை ஏறும் கட்டணம், பார்க்கிங் எல்லாம் அதில் அடக்கமா என்று கேட்டுவிடுங்கள், இறங்கும்போது தகராறு வராது. காலைக்கு 30, 35 இட்லி, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில் கட்டினால் தாங்கும். தேங்காய்ச் சட்னி மே மாதச் சூட்டில் ஊசிப்போகும். ஏறும் முன் பிள்ளைகளுக்கு ஒரு இட்லி போதும், மிச்சம் மேலே போய். வயிறு நிறைய ஊட்டினாலும், வெறும் வயிற்றோடு ஏற்றினாலும் வாந்தி வரும். குமட்டுகிற பிள்ளையை முன் வரிசையில், எதிரே சாலை தெரியும்படி உட்கார வையுங்கள். கண்ணை போனில் வைத்தால் ஐந்தாவது வளைவிலேயே ஆரம்பித்துவிடும். கவரும் ஈரத்துண்டும் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கட்டும், டிக்கியில் போகும் பையில் வேண்டாம்.

இனி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. பத்துப் பேர் போகும்போது "எல்லாரும் பார்த்துக்கறாங்க" என்ற நினைப்பில்தான் ஒரு பிள்ளை ஏரிக்கரையில் தனியாக நிற்கும். நேரம் பிரித்துப் பெயர் போடுங்கள்: 9 முதல் 11 வரை அக்கா வீட்டுக்காரர், 11 முதல் 1 வரை தோழி, இப்படி. கை மாற்றும்போது "இப்போ நீங்க பாருங்க, சின்னவன் ஊஞ்சல்கிட்ட நிக்கிறான்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஓரத்தில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, அங்கே ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். படகில் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். சின்னவன் மணிக்கட்டில் பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு போன் நம்பர் எழுதிவிடுங்கள். உங்களுக்கு சனி மதியம் 2 முதல் 4 வரை எந்தப் பொறுப்பும் இல்லை என்று அட்டவணையிலேயே இருக்கட்டும். "அப்புறம் ரெஸ்ட் எடுத்துக்கோ" என்று சொல்லும் அந்த அப்புறம் வரவே வராது.

இதைவிட நுணுக்கமானது ஒன்று. அக்காவின் பிள்ளைகளை அவர்கள் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார், உங்கள் சின்னவன் அதைப் பார்த்துக்கொண்டே வருவான். அத்தானிடம் முதல் நாளே தனியாகச் சொல்லி வையுங்கள்: "அவனையும் ஒரு தடவை தூக்கிக்கோங்க, நீங்களா கூப்பிடுங்க." பெரியப்பா தானாகக் கூப்பிட்டதாகவே அவனுக்கு இருக்க வேண்டும். பெரியவனுக்குத் தோள் வேண்டாம், படகு டிக்கெட் வாங்கவோ வேனில் சாமான் ஏற்றவோ கூட நிற்கச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

ஊர் சுற்ற அதிகம் யோசிக்க வேண்டாம். மே மாதத்தில் கிளியூர் அருவியில் தண்ணீர் பெரும்பாலும் இருக்காது, படிகளில் பிள்ளைகளை இறக்கி ஏற்றுவதுதான் மிச்சம். ஏரி, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் என்ற இரண்டு காட்சிமுனைகள் போதும். கோடை மழை பிற்பகலில்தான் அடிக்கும், ஆகவே வெளியே சுற்றுவதெல்லாம் காலையில். பகோடா பாயிண்ட்டில் குரங்குத் தொல்லை உண்டு, பிள்ளை கையில் பிஸ்கட் பாக்கெட் கொடுக்காதீர்கள்.

ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும், மூன்று மணிக்குள் இறங்கிவிடுங்கள். மாலையில் வளைவுகளில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ரயிலுக்கு நேரம் மிஞ்சினால் சேலத்தில் பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாட்டை நிதானமாகக் கொடுத்துவிட்டு ஏறலாம். திங்கள் காலை வேலைக்குப் போகவேண்டும் என்றால் பிள்ளைகளின் மாற்று உடை ஒரு செட்டை பையின் மேலேயே வையுங்கள்.