சந்தில் குடியிருந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

சென்னை ஜார்ஜ் டவுனின் முத்தியால்பேட்டையில் பவளக்காரத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில்தான் என் அப்பா பிறந்தார். நானும் பத்து வயது வரை அங்கேதான் இருந்தேன். ஒரே வீட்டில் ஒன்பது குடித்தனம். கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனதும் அப்பாவுக்கு மண்டி வேலை போய்விட்டது, தண்டையார்பேட்டைக்கு வந்துவிட்டோம். இப்போது அந்த வீடு குடோன். அந்தச் சந்தின் வரலாற்றை எழுத ஆசைப்படுகிறேன். ஆனால் ஜார்ஜ் டவுன் பற்றி எதைப் படித்தாலும் துரைமார்களும் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக இருந்த துபாஷிகளும்தான் வருகிறார்கள். "வாடகைக்கு இருந்தவனுக்கு என்னடா தெரு வரலாறு?" என்று சித்தப்பா கேட்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

ச., தண்டையார்பேட்டை

அன்புள்ள ச.,

சித்தப்பாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பவளக்காரத் தெருவில் தலைமுறை தலைமுறையாக அசையாமல் உட்கார்ந்த கூட்டம் என்று ஒன்று கிடையாது. பிழைப்பு வந்தபோது வந்தார்கள், பிழைப்பு இடம் மாறியபோது போனார்கள். கோல்கொண்டா வைரத்தை வாங்குவதற்காக மத்தியதரைக்கடல் பவளத்தைக் கப்பலில் கொண்டுவந்த யூத வணிகர்களால்தான் தெருவுக்கு அந்தப் பெயர். 1720களில் பிரேசிலில் வைரம் கிடைக்கத் தொடங்கியது, கோல்கொண்டா சரக்கின் மதிப்பு இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக அவர்களும் போய்விட்டார்கள். பின்னால் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வந்தார்கள். பர்மாவோடும் மலேயாவோடும் வரவு செலவு வைத்திருந்தவர்களுக்குத் துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அந்தத் தொழில் உடைந்தது. அந்த வருஷம் ஏப்ரலில் குண்டு விழும் என்ற பயத்தில் சென்னையில் ஏராளமானோர் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊர்களுக்குப் போனார்கள். அரண்மனைக்காரத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். 1772இல் எழுந்த ஆர்மீனியர் தேவாலயம் நிற்கிறது, ஆர்மீனியர்கள் இல்லை. உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794இல் நம் சென்னையில்தான் அச்சானது என்பதை இன்றைக்கும் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. எனக்கு அதில் தீராத வருத்தம்.

1996இல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்கு நகர்ந்தபோது உங்கள் அப்பா தண்டையார்பேட்டைக்குப் போனாரே, அவர் இந்த வரிசையில் வருகிறவர்தான். பவள வணிகரைச் சேர்த்துக்கொள்ளும் வரலாறு மூட்டைக்காரரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் இதை உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் அந்தச் சந்து ஏன் அவ்வளவு குறுகல் என்பதையும் எழுதுங்கள். ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே, இப்போது உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில்தான் பழைய கறுப்பர் பட்டணம், அதாவது நம்மவர்கள் குடியிருந்த பகுதி, இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்ததும் அதன் வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் மிச்சத்தையும் இடித்து, பீரங்கிக்கு மறைவு இல்லாத வெட்டவெளி ஆக்கினார்கள். வீடு இழந்தவர்கள் முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் வந்து நெருக்கினார்கள். பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகை 1759 பிப்ரவரியில் முடிந்தது. அந்தப் பயத்தில் 1760களில் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினார்கள். கிழக்கே கடல். தெற்கே வெட்டவெளியில் யாரும் வீடு கட்டக்கூடாது என்று 1773இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. மதிலின் மிச்சத்தைப் பழைய சிறைச்சாலை சாலையில் மாடிப்பூங்காவாகப் பார்க்கலாம். நான்கு பக்கமும் அடைத்த ஊருக்குள் ஆட்கள் வந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? வாசல் குறுகும், வீடு பின்னால் நீளும், பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர் என்றாகும். உங்கள் வீட்டு முற்றத்தில் விழுந்த வெளிச்சம்தான் ஒன்பது குடித்தனத்துக்கும் வெளிச்சமாக இருந்திருக்கும்.

இனி வேலைக்கு வருவோம். ராஜாஜி சாலைப் பதிவு அலுவலகத்தில் அந்த வீட்டின் பழைய பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பழைய பத்திரம் ஒன்றின் நகல் கிடைத்தாலும் போதும். அதில் நான்கெல்லை விபரத்தை நிதானமாகப் படியுங்கள். கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் மனை என்று அக்கம்பக்கத்துப் பெயர்கள் வரிசையாக இருக்கும். அந்தப் பெயர்களை வைத்து அடுத்த பத்திரத்தைத் தேடினால் சந்தின் ஒரு பக்கம் முழுக்கப் பிடிபட்டுவிடும்.

ஆனால் பத்திரத்தில் இருப்பது வீட்டுக்காரர்தான். குடித்தனக்காரர் அதில் வரவே மாட்டார். அவரைத் தேட வேறு காகிதங்கள் வேண்டும். பழைய ரேஷன் கார்டு, பள்ளிக்கூட டி.சி., விலாசம் அச்சிட்ட கல்யாணப் பத்திரிகை, ஊரிலிருந்து வந்த இன்லண்டு லெட்டர், வாக்காளர் பட்டியல் எல்லாம் எடுங்கள். தெருமுனை அம்மன் கோயிலின் ஆடி நோட்டீசை யாராவது வைத்திருந்தால் விடாதீர்கள், உபயதாரர் பெயர்களில் உங்கள் சந்தே இருக்கும். எந்த வரலாற்றாசிரியரும் இவற்றைத் தேடி உங்கள் வீட்டுக்கு வரமாட்டார். வீடு மாறும்போது முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போவதும் இவைதான்.

இதற்கெல்லாம் முன்னால் சித்தப்பாவை உட்காரவைத்து அந்த வீட்டின் வரைபடம் ஒன்று போடச் சொல்லுங்கள். எந்த போர்ஷனில் யார், எந்த ஊர்க்காரர், என்ன வேலை, அடிபம்பு எங்கே, தண்ணிக்கு யார் முதலில் எழுந்தது, மீன்பாடி வண்டியை ராத்திரி எங்கே நிறுத்தினார்கள், ஒவ்வொருவரும் எப்போது, எதனால் காலி செய்தார்கள் என்று கேளுங்கள். கோபமாகக் கேட்டவர்தான் நிறையச் சொல்வார். பெண்களைத் தனியாகக் கேளுங்கள். பகல் முழுக்க அந்த முற்றத்தில் இருந்தவர்கள் அவர்கள்.

எழுதும்போது கதவு எண்ணில் கவனமாக இருங்கள். பழைய எண், புதிய எண் இரண்டையும் போடுங்கள். ஒன்றை விட்டால் பத்திரத்தில் இருக்கும் வீடும் சித்தப்பா சொல்லும் வீடும் ஒன்றுதானா என்று பின்னால் யாராலும் சரிபார்க்க முடியாது.