தொட்டபெட்டா ஓடி இறங்கினா தொடை ஏன் பிடிக்குது?

கேள்வி (குன்னூர் வாசகர், வயசு 21): அக்கா, போன ஞாயித்துக்கிழமை பசங்களோட ஊட்டில இருந்து தொட்டபெட்டா உச்சி வரைக்கும் ஓடிப்போய் அப்படியே ஓடி இறங்கினோம், அன்னிக்கு ஒண்ணும் தெரியல, செவ்வாய்க்கிழமை வீட்டுப் படி இறங்க முடியல. லாக்டிக் ஆசிட் தேங்கிடுச்சுங்கறார் கோச், ஐஸ் தண்ணில உக்காருடாங்கறான் ஃப்ரெண்டு, அம்மா எண்ணெய் காய்ச்சித் தேய்க்க வர்றாங்க. யார் சொல்றத கேக்கறது?

பதில்: தம்பி, லாக்டிக் ஆசிட் மேல பழி போடாதீங்க. ஓடி முடிச்சு ஒரு மணி நேரம் போல ஆனாலே ரத்தத்துல அது பழைய அளவுக்கு வந்துடும், செவ்வாய்க்கிழமை வரைக்கும் உக்காந்திருக்காது. உங்கள மாட்டிவிட்டது ஏத்தமே இல்ல, இறக்கம். 2637 மீட்டர் உச்சில இருந்து வேகமா இறங்கறப்ப ஒவ்வொரு அடிக்கும் முன்தொடை தசை நீண்டுக்கிட்டே பிரேக் பிடிக்குது, செங்குத்தான கல்லட்டி மலை ரோட்ல வண்டி இறக்கற மாதிரிதான், அதுல தசை நார்ல நுணுக்கமா அடி படும், அந்த வலி 24 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரத்துக்குள்ளதான் உச்சத்துக்குப் போகும். ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு அதே இறக்கம் இறங்கிப் பாருங்க, பாதி வலிகூட இருக்காது, தசை பழகிக்கும்.

ஐஸ்? 10ல இருந்து 15 டிகிரி தண்ணில 10-15 நிமிஷம் உக்காந்தா வலி கொஞ்சம் மட்டுப்படும், அடுத்த நாளே இன்னொரு ரேஸ் இருந்தா செய்யலாம். ஜிம்ல வெயிட் தூக்கிட்டு தினமும் செஞ்சா தசை வளர்றது குறையுது, அது வேண்டாம். டிசம்பர்ல நம்ம ஊர் தொட்டித் தண்ணியே போதும், ஐஸ் கட்டிக்கு காசு அழாதீங்க. அம்மா எண்ணெயும் ஓகே, இதமா இருக்கும், அழுத்திப் பிசையாம இருந்தா சரி.

எல்லாத்துக்கும் மேல சாப்பாடும் தூக்கமும்தான், இதத்தான் யாரும் செய்றதில்ல. ஓடி முடிச்சதும் டீயும் வர்க்கியும் அடிச்சுட்டு படுத்துடறீங்க, அதுல புரோட்டீன் எங்க இருக்கு? ரெண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், கூட அவிச்ச உருளைக்கிழங்கு, முட்டை பிடிக்காதுன்னா சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் தட்டு நிறைய. ஒரு வேளைக்கு 20 கிராம் புரோட்டீன் கணக்கு வச்சுக்கங்க. குளிர்ல தாகம் தெரியாது, ஆனா வேர்வை போகும், ஓடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாருங்க, ஒரு கிலோ குறைஞ்சா ஒன்றரை லிட்டர், உப்புப் போட்ட மோராவோ கஞ்சியாவோ கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகணும். ராத்திரி 8 மணி நேரம் தூங்குங்க, செல்ஃபோனத் தூக்கி அடுத்த ரூம்ல வைங்க.

வலி மாத்திரைய வெறும் வயித்துல, அதுவும் உடம்புல தண்ணி வத்தின நேரத்துல போடாதீங்க, வயித்துக்கும் கிட்னிக்கும் ஆபத்து. மூத்திரம் டிக்காஷன் கலர்ல போனா நேரா ஆஸ்பத்திரி, நாளைக்குப் பாக்கலாம்னு உக்காராதீங்க.

கேள்வி (கோத்தகிரி வாசகி): நல்லா ஸ்ட்ரெச் பண்ணிட்டா மறுநாள் வலிக்காதாமே?

பதில்: வலிக்கும்மா. ஸ்ட்ரெச்சிங்கால வலி குறையறது ரொம்பக் கொஞ்சம்தான். அதுக்குப் பதிலா மறுநாள் அரைமணி நேரம் சமதளத்துல மெதுவா நடங்க. நீலகிரில சமதளம் எங்கன்னு என்னைக் கேக்காதீங்க, ஸ்கூல் கிரவுண்டையே சுத்துங்க.