30க்கு 40 சைட்டில் கியோட்டோ: தோட்டக் கேள்வி–பதில்

ஜப்பான் போய் வந்ததிலிருந்து கியோட்டோவின் ரியோவான்ஜி கோயில் கல் தோட்டம் கண்ணிலேயே நிற்கிறது. எங்கள் சைட் 30 அடிக்கு 40 அடி. வாசலில் 15 அடிக்கு 6 அடி இடம் மிச்சம். வெள்ளைக் கூழாங்கல் கொட்டினால் அந்த அழகு வருமா?
– வாசகி, ஜெயநகர்

கூழாங்கல் கொட்டினால் ஓட்டல் வரவேற்பறையின் அழகுதான் வரும். ரியோவான்ஜியில் 15 கற்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது கண்ணுக்கு மறைந்திருக்கும். அங்கிருந்து எடுத்து வரவேண்டியது அந்த மறைப்பைத்தான். உங்கள் இடத்துக்கு 3 கல் போதும். கேட்டிலிருந்து பார்த்தால் இரண்டும், படியேறியபின் மூன்றாவதும் தெரியும்படி வையுங்கள்.

முதலில் அடியில் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) இருக்கிறதா என்று பாருங்கள். பெங்களூரில் பல வீடுகளில் அது வாசலோரம்தான். சம்ப் ஸ்லாப்மேல் கல் ஏற்றவே கூடாது, கிரானைட் கன அடிக்கு சுமார் 75 கிலோ. மூடியைத் திறக்கவும் வழி விடவேண்டும்.

ஆறு அங்குலம் தோண்டி, 15 அடி நீளத்துக்கு 2 அங்குலம் வாட்டம் கொடுத்து, தண்ணீரை மழைநீர்க் குழிக்குத் திருப்புங்கள். முதலில் கற்களை நடவேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகட்டும், இல்லாவிட்டால் லாரியிலிருந்து விழுந்த கல் மாதிரி நிற்கும். அடியைச் சுற்றி ஜல்லியை இடித்து இறுக்கினால் போதும், கான்கிரீட் தேவையில்லை. குவாரியில் புதிதாக உடைத்த வெள்ளை முகம் உறுத்தும், வெயில் மழையில் கறுத்த கல்லைத் தேடி வாங்குங்கள். பிறகு தண்ணீர் இறங்கும் ஜியோ துணி, அதன்மேல் 3 அங்குலம் 20 எம்எம் ஜல்லி, கடைசியாக 2 அங்குலம் சாம்பல் நிற கிரானைட் சிப்ஸ், 6 முதல் 10 எம்எம். 90 சதுர அடிக்கு 15 கன அடி சிப்ஸ் பிடிக்கும், ஏறக்குறைய 640 கிலோ. உருண்டைக் கூழாங்கல்லில், ஜப்பானியத் தோட்டத்தில் போல வாரியால் இழுத்த கோடு நிற்காது, சரிந்துவிடும். முனையுள்ள சிப்ஸில் நிற்கும்.

கெடுவது மூன்று காரணத்தால். துணிக்குப் பதில் பாலிதீன் விரித்தால் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். மாடிக் குழாய் பக்கத்தில் இறங்கினால் செம்மண் தெறித்து கல் பழுக்கும். மேலே புங்கை மரம் இருந்தால் இலை வாரியே ஓய்ந்துபோவீர்கள். பாசிப் பாய்க்கு ஆசைப்படாதீர்கள், ஜனவரி முதல் மே வரையான வறட்சியில் கருகிவிடும். கல்லடியில் குட்டை மோண்டோ புல்லை 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நடுங்கள்.

லால்பாக் மலர்க் கண்காட்சிக்குத் தவறாமல் போகிறோம், படம் எடுத்துக் குவிக்கிறோம். வீட்டில் அதை வைத்து என்ன செய்வதென்றே தெரியவில்லை.
– வாசகர், அல்சூர்

கண்காட்சியில் நீங்கள் பார்ப்பது அலங்காரம். தொட்டியோடு வந்த பூ தொட்டியோடு போய்விடும். தோட்டத்தைப் பார்க்க சாதாரண வாரநாள் காலையில் போங்கள். ஏப்ரல் கடைசியில், மண் காய்ந்து கிடக்கும்போது ஒரு தடவை அவசியம் போகவேண்டும். கையில் 5 மீட்டர் டேப் இருக்கட்டும். இருவர் சேர்ந்து நடக்கும் பாதை எத்தனை அடி? (நாலுக்குக் குறைந்தால் ஒருவர் பின்னால் ஒருவர்தான்.) பெஞ்ச் எவ்வளவு உயரம்? பெரிய மரத்தடியில் எது செழித்திருக்கிறது, எது சோர்ந்திருக்கிறது? கடைசிக் கேள்விக்கான விடையை நர்சரிக்காரர் சொல்லமாட்டார்.

1908இல் இங்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் கிரும்பிகல், ஒரு மரம் ஓயும்போது அடுத்தது பூக்கும்படி ஊருக்கு மரங்களைத் தேர்ந்தவர். ஜகரண்டா உதிர உதிர குல்மொஹர் சிவப்பது நீங்கள் பார்ப்பதுதானே. அதே கணக்கை 5 செடியில் போடலாம்: பிப்ரவரிக்கு பெட்ரியா கொடி, மார்ச் முதல் குண்டுமல்லி, மழை தொடங்கியபின் இட்லிப்பூ, ஆகஸ்டுக்கு மேல் பவழமல்லி, பிறகு டிசம்பர் பூ. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்யாவிட்டால் இந்த வரிசையில் ஓட்டை விழும்.

பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிக்குள ஓவியம் மாதிரி மாடியில் ஒரு தொட்டி வைக்க ஆசை.
– வாசகி, மல்லேஸ்வரம்

1893இல் பிரான்சின் ஜிவெர்னி கிராமத்தில் குளத்துக்கு நிலம் வாங்கிய மோனே அந்த ஓவியங்களில் பூவுக்குச் சமமாகத் தண்ணீரில் விழும் வானத்தையும் வரைந்தார். ஆகவே பாதி நீர்ப்பரப்பாவது இலையில்லாமல் இருக்கவேண்டும், தொட்டியின் உட்புறம் கறுப்பாக இருக்கவேண்டும். நீல டிரம்மில் வானம் பளிச்சென்று விழாது.

2 அடி விட்டம், 15 அங்குலத் தண்ணீர்: 110 லிட்டர். மண்ணோடு சேர்த்து 150 கிலோ வரும். ஸ்லாபின் நடுவில் வைக்காமல் பீம்மேல் வையுங்கள். சிறு ரக அல்லி ஒன்றே ஒன்று, களிமண் நிரப்பிய அகலத் தொட்டியில் நட்டு, குருத்து மட்டும் வெளியே தெரிய மேலே ஓர் அங்குலம் மணல் போடுங்கள். தொழு உரம் சேர்த்தால் வாரத்தில் தண்ணீர் பச்சையாகிவிடும். ஆறு மணி நேர வெயில் இல்லாவிட்டால் இலைதான் மிஞ்சும். கொசுவுக்கு ஐந்தாறு கப்பி மீன். போர்வெல் நீர் இலையில் வெள்ளைப் படிவு விடும், முடிந்தால் மழைநீர் ஊற்றுங்கள்.

பிரேசிலின் தோட்ட வடிவமைப்பாளர் பர்லே மார்க்ஸ் பாணி 10 அடி பால்கனியில் எடுபடுமா?
– வாசகர், ஒயிட்ஃபீல்டு

அவர் ஓவியரும்கூட. ஒரே செடியைத் திட்டாக அள்ளி நட்டு, பக்கத்துத் திட்டை வேறு நிறத்தில் வைப்பார். பத்து தொட்டியில் பத்து ரகம் வாங்கும் நம் வழக்கத்துக்கு நேர்மாறு. 3 ரகம் போதும். ரியோ என்ற இலைச்செடியின் ஊதா நிறத்துக்கு நாலு மணி நேர வெயில் வேண்டும், நிழலில் பச்சையாகிவிடும். காற்றடிக்கும் மாடியில் கலாத்தியா இலைச்செடி வாங்காதீர்கள், இலையோரம் கருகும்.

இலங்கையில் லுனுகங்கா தோட்டம் பார்த்தோம். எங்கள் டெரஸில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டாங்க்தான் தெரிகிறது!
– வாசகி, இந்திரா நகர்

1948இல் கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வாங்கிய அந்த ரப்பர் தோட்டத்தில், வீட்டிலிருந்து குன்றைத் தாண்டித் தொலைவில் இருக்கும் தாதுகோபம் (பௌத்த ஸ்தூபி) வரை பார்வை போகும். நீங்கள் டாங்கை மறைத்து, அதையடுத்து மாமரமோ தென்னையோ இருந்தால் அதன் பக்கம் இடைவெளி விடுங்கள். நாற்காலியில் உட்காருங்கள். 5 அடி தள்ளி ஒருவர் கம்பு பிடிக்கட்டும், டாங்க் மறையும் உயரத்தைக் குறியுங்கள். அங்கே 6 அடி வந்தால், 12 அடி தள்ளியுள்ள சுவரோரத்தில் 9 அடிச் செடி தேவைப்படும். ஆகவே கிட்டவே வையுங்கள். 18 அங்குலத் தொட்டியில் நந்தியாவட்டை அந்த உயரத்துக்கு வரும். மூங்கில் வேண்டாம், உதிரும் இலை டெரஸ் குழாயை அடைத்துவிடும்.