இந்த வருஷமும் இருக்கட்டும்

கேள்வி: தம்பிக்காக மூன்று வருஷமாக ஜெபிக்கிறேன். சம்பளத்தை நாலு நம்பர் லாட்டரியிலும் கேசினோவிலும் விட்டுவிட்டு என்னிடம்தான் வந்து நிற்கிறான், நானும் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துவிட்டேன். சபையில் கேட்டால் 'பொறுமையா இரும்மா' என்கிறார்கள். கர்த்தர் ஏன் இவனைப் பொறுத்துக்கொண்டே இருக்கிறார்?
– ஒரு அக்கா, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கோபம் நியாயமானது, அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். நீங்கள் கேட்டதற்கு 2 பேதுரு 3:9-இல் நேரடியாகவே பதில் இருக்கிறது. அவர் தாமதிக்கவில்லை, ஒருவரும் கெட்டுப்போகக் கூடாது என்று விரும்பி நம்மேல் நீடிய பொறுமையாக இருக்கிறார். எழுதியவர் யார் பாருங்கள், மூன்று தடவை 'அவரை அறியேன்' என்று மறுதலித்தும் தள்ளப்படாத அதே பேதுரு.

ஆனால் பொறுமை என்றால் சும்மா இருப்பது என்று யாரோ உங்களுக்குச் சொல்லிவிட்டார்கள், அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. லூக்கா 13-இல் இயேசு சொன்ன உவமையில் வருகிற அத்திமரத்துச் சொந்தக்காரரும் உங்களைப் போல மூன்று வருஷம் கனி தேடிப் பார்த்து அலுத்தவர்தான், வெட்டிப்போடு என்கிறார். தோட்டக்காரன், 'ஐயா, இது இந்த வருஷமும் இருக்கட்டும்' என்று கெஞ்சுகிறான், அதோடு நிற்காமல் சுற்றிலும் கொத்தி எருப்போடுவேன் என்கிறான். எங்கள் புளோக் காரிடாரில் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறேன். மண் இறுகிப்போய், ஊற்றுகிற தண்ணீரெல்லாம் ஓரமாகவே வழிந்து ஓடியது, ஒரு நாள் பழைய கரண்டிக் காம்பால் குத்திக் கிளறினேன், நாலைந்து வேர் அறுந்தது, மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, அப்புறம்தான் தண்ணீர் உள்ளே இறங்கியது.

நீங்கள் கொடுக்கிற பணமும் அப்படி வழிந்துதான் போகிறது. அதனால் காசை நிறுத்துங்கள். அவன் கத்துவான், அம்மாவிடம் போய் அழுவான், இரண்டு மாசம் பேசாமல்கூட இருப்பான், அந்த இரண்டு மாசத்தைப் பொறுப்பதுதான் இப்போது உங்களுக்கு வேண்டிய பொறுமை. கூடப் பிறந்தவர்களே விண்ணப்பித்து ஒருவரைக் கேசினோவுக்குள் போகாமல் தடுக்க இங்கே வழி உண்டு. சூதாட்டப் பிரச்சினைக்கான உதவி எண் 1800-6-668-668, அவன் கூப்பிடாவிட்டாலும் நீங்கள் கூப்பிடலாம். கூப்பிட்டால் அது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்திவிடாதீர்கள். அவனுக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்து உட்காரவைத்துப் போடுங்கள். காசு கேட்டால், 'இல்லடா தம்பி, சாப்பிடு' என்று மட்டும் சொல்லுங்கள்.