கன்றுக்குக் காலில், இடுப்பில் அடிபட்டால்: கேள்வி பதில்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் மாடு வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, வடசென்னைப் பக்கம் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன் என்ற முறையில் என் பதில்கள் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்று நொண்டினால் கையில் எண்ணெயை எடுக்காதீர்கள். அடி முட்டிக்கு மேலேயா கீழேயா என்று பாருங்கள். அப்புறம், அது அடிதானா என்றும் பாருங்கள்.

வியாசர்பாடி: சார், எங்கள் ஜெர்சி கலப்பின மாடு நேற்று ராத்திரி கன்று போட்டது. கன்று பெரிசு. மூன்று பேர் கயிறு கட்டி இழுத்துத்தான் எடுத்தோம். இப்போது முன்னங்கால் ஒன்று முட்டிக்குக் கீழே துவண்டு தொங்குகிறது. பால் நன்றாகக் குடிக்கிறது. பிழைக்குமா?

பிழைக்கும். பிறந்த கன்றுகளில் அதிகம் பார்க்கும் முறிவே இதுதான். இழுக்கும்போது கயிறு இறுக்குகிற இடத்தில், முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவிலுள்ள எலும்பு உடைகிறது. கன்று எடை குறைவு, எலும்பு வேகமாகக் கூடும். தோல் கிழியாமல் இருந்தால் மாவுக்கட்டிலேயே நாலு முதல் ஆறு வாரத்தில் கூடிவிடும்.

டாக்டரிடம் போகும்வரை கால் ஆடக் கூடாது. கன்றைப் படுக்க வைத்துக் குளம்பிலிருந்து முழங்கை வரை பஞ்சைத் தாராளமாகச் சுற்றுங்கள். காலின் பருமனுக்கு ஏற்ற பிவிசி பைப்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஓரங்களைத் தேய்த்து மழுக்கி, ஒரு பாதியைக் காலின் பின்பக்கம் வைத்துத் துணிப் பட்டையால் கட்டுங்கள். பைப் குளம்பைத் தாண்டி ஒரு விரல்கடை நீண்டிருக்கட்டும். மேல்முனை முழங்கைக்குக் கிட்ட வரவேண்டும். பலர் தப்பு செய்வது இங்கேதான். உடைந்த இடத்தை மட்டும் மறைக்கிற மாதிரி குட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். கட்டின் கனமெல்லாம் முறிவின் மேல் விழுந்து, மூடியிருந்த முறிவு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். முறிவுக்கு மேலே ஒரு மூட்டு, கீழே ஒரு மூட்டு, இரண்டும் கட்டுக்குள் அடங்க வேண்டும்.

எலும்பு வெளியே தெரிந்தால் கதை வேறு. ஆறிய வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள், சாம்பல் எதுவும் வேண்டாம்.

மாவுக்கட்டு போட்ட பிறகும் வேலை இருக்கிறது. கன்று வளர்ந்துகொண்டே இருக்கும், கட்டு வளராது. மூன்று வாரம் போல ஆனதும் டாக்டர் அதை மாற்ற வேண்டியிருக்கும். நடுவில் கட்டின் மேல்விளிம்பை தினமும் மோந்து பாருங்கள். நாற்றம் அடித்தாலோ, ஈ மொய்த்தாலோ, நேற்று வரை ஊன்றிய கால் இன்று ஊன்றாவிட்டாலோ, குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

அவரே: சரி சார், அடுத்த முறை எப்படி இழுப்பது?

நல்ல கேள்வி. கயிற்றைக் கணுக்காலுக்கு மேலே ஒரு சுருக்கு, கீழே ஒரு சுருக்கு என இரண்டாகப் போடுங்கள். இழுவிசை பிரிந்துவிடும். இரண்டு காலுக்கும் தனித்தனிக் கயிறு. மாடு முக்கும்போது மட்டும் இழுங்கள், முக்காதபோது சும்மா இருங்கள். ஒரு காலை மாற்றி ஒரு காலாக, மாட்டின் மடிப் பக்கம் சாய்த்துக் கீழ்நோக்கி. இரண்டு பேர் சேர்ந்தும் வரவில்லை என்றால் மூன்றாவது ஆளைக் கூப்பிடாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். பைக்கில் கயிறு கட்டி இழுக்கிற வீரத்தையும் கேள்விப்பட்டிருக்கிறேன். வேண்டாம்.

தலையும் மாரும் வந்து இடுப்பு சிக்கிக்கொண்டால் நேராக இழுக்கவே கூடாது. கன்றை லேசாகத் திருப்பினால்தான் இடுப்பு வழிவிடும். முரட்டுத்தனமாக இழுத்தால் தொடையின் முன்பக்கத் தசைக்குப் போகும் நரம்பு நைந்துவிடும். அப்படிப்பட்ட கன்று பின்னங்காலை ஊன்றும்போதெல்லாம் மூட்டு மடங்கி உட்கார்ந்துவிடும். ஒரு வாரம் பத்து நாளில் அந்தத் தொடை சப்பிப் போவது கண்ணுக்கே தெரியும்.

திருவல்லிக்கேணி: டாக்டர், ஒன்றரை மாதக் கன்றுக்குப் பின்னங்கால் முறிவு. தெரிந்தவர் ஒருவர் புத்தூர்க் கட்டு மாதிரி மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டினார். நாலு நாள் ஆகிறது. குளம்பு சில்லென்று இருக்கிறது.

இதைப் படித்ததும் கட்டை அவிழ்த்துவிடுங்கள் அம்மா. நாளைக்கு அல்ல, இப்போதே. சில்லென்ற குளம்பு என்றால் ரத்தம் கீழே இறங்கவில்லை. இன்னும் விட்டால் கால் கறுத்து அழுகிப்போகும். எலும்பு கூடினாலும் கால் மிஞ்சாது. முறிவில் வீக்கம் முதல் இரண்டு மூன்று நாள் ஏறிக்கொண்டே இருக்கும். முதல் நாள் சரியாக இருந்த கட்டு மூன்றாம் நாள் நெரிப்பது அதனால்தான். அவிழ்த்ததும் பஞ்சு சுற்றித் தளர்வாகத் தாங்கல் கொடுத்து, இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

புரசைவாக்கம்: தெருவில் நின்ற மூன்று மாதக் கிடேரிக் கன்றை டூவீலர் இடித்துவிட்டது. எழுந்து நிற்கிறது, ஆனால் ஒரு பின்னங்கால் குட்டையாகத் தெரிகிறது. முட்டி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. தைலம் தேய்த்து நீவலாமா?

நீவாதீர்கள். நீங்கள் சொல்கிற அடையாளம் இடுப்பு மூட்டு விலகியதற்கு அப்படியே பொருந்துகிறது. தொடை எலும்பின் தலை, கிண்ணத்தை விட்டு மேலும் முன்னும் ஏறிவிடுவதால்தான் கால் குட்டையாகிறது. கன்றைச் சமதளத்தில் நிறுத்திப் பின்னாலிருந்து பாருங்கள். இரண்டு பக்கமும் இடுப்பில் துருத்தும் எலும்புகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா? அடிபட்ட பக்கம் தொடையின் மேல்முனை மட்டும் உயரப் போயிருந்தால் மூட்டு விலகல். முன்பக்கத்து இடுப்பு முனை சப்பையாக அமுங்கி, கன்று ஓரளவு நடந்தால் அந்த முனை மட்டும் உடைந்திருக்கலாம். அது பெரும்பாலும் ஓய்விலேயே ஆறும். இடுப்பு கோணலாகத் தெரியும், அவ்வளவுதான்.

மூட்டு விலகலுக்கு நேரம்தான் எல்லாம். முதல் நாளுக்குள் மயக்க மருந்து கொடுத்து இழுத்து உட்கார வைத்தால் நிற்க வாய்ப்புண்டு. நாள் போகப் போகக் கிண்ணத்தில் ரத்தக்கட்டும் சதையும் நிரம்பிவிடும், தசையும் இறுகிவிடும். விலகலோடு உடைவும் இருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்க்காமல் யாரையும் இழுக்க விடாதீர்கள். தொடையில், இடுப்பில் அடி என்றால் வீட்டில் சிம்பு கட்டவும் வேண்டாம். அங்கே மேல்மூட்டைக் கட்டுக்குள் அடக்கவே முடியாது.

மாதவரம்: பத்து நாள் கன்று. பக்கத்தில் கட்டியிருந்த மாடு உதைத்திருக்கும் போல. இரண்டு முன்முட்டியும் ஒரு பின்முட்டியும் வீங்கிச் சூடாக இருக்கின்றன. பால் குடிக்க மாட்டேன் என்கிறது.

ஒரே உதையில் மூன்று மூட்டு வீங்காது தம்பி. தொப்புளைத் தொட்டுப் பாருங்கள். தடித்து, ஈரமாக, வலியோடு இருந்தால் அதுதான் வாசல். அது வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறி மூட்டுகளில் சீழ் வைத்திருக்கிறது. இதற்கு ஓய்வும் ஒத்தடமும் போதாது. இன்றே ஆன்டிபயாடிக் ஆரம்பிக்க வேண்டும், மூட்டைக் கழுவவும் வேண்டியிருக்கலாம். தாமதித்தால் குருத்தெலும்பு அரித்து மூட்டு விறைத்துவிடும்.

அடுத்த ஈற்றுக்கு இப்போதே டிங்சர் அயோடின் வாங்கி வையுங்கள். கன்று விழுந்ததும் தொப்புள்கொடியை அதில் முக்கி எடுக்க வேண்டும். சீம்பாலைப் பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் கொடுங்கள். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது முப்பது கிலோ கன்றுக்கு மூன்று லிட்டர், பிரித்துப் பிரித்து உள்ளே போக வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும், பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்கும் பழக்கம் பல கன்றுகளை முடக்கியிருக்கிறது.

செங்குன்றம்: எட்டு மாதக் கன்று, கொழுகொழுவென்று இருந்தது. நேற்று மாலை வரை துள்ளியது. காலையில் பின்னங்காலை ஊன்றவில்லை, தொடை வீங்கியிருக்கிறது, காய்ச்சல் கொதிக்கிறது. எங்கேயோ விழுந்திருக்குமோ?

வீக்கத்தை உள்ளங்கையால் அழுத்துங்கள். காகிதம் கசங்குவது போல் நறநறவென்று கேட்டால் இது விழுந்த அடி அல்ல, சப்பை நோய். இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்குப் போன் பண்ணுங்கள். நேரத்தோடு பென்சிலின் விழுந்தால் ஒருவேளை தப்பும். ஓரிரு நாளில் உயிர் போய்விடுகிற நோய் இது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை, அதிலும் நன்றாகத் தேறிய கன்றுகளைத்தான் தேடிப் பிடிக்கும். இறந்துபோனால் தோலை உரிக்காமல், வயிற்றைக் கிழிக்காமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கிருமியின் வித்து மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மற்ற கன்றுகளுக்கு மழைக்காலத்துக்கு முன்னால் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

கொரட்டூர்: கழிச்சலுக்குப் பின்சப்பையில் ஊசி போட்டார்கள். மறுநாளிலிருந்து கன்று அந்தக் காலைத் தேய்த்துக்கொண்டே நடக்கிறது.

சின்னக் கன்றுக்குப் பின்பக்கம் சதை குறைவு. ஊசியோ மருந்தோ பெரிய நரம்பில் பட்டிருக்கலாம். கணுக்கால் மடங்கி, குளம்பின் முன்பக்கம் தரையில் உரசும். அந்த இடம் புண்ணாகாமல் துணி சுற்றி, கால் நேராக நிற்கும்படி தாங்கல் கட்டு போடச் சொல்லுங்கள். லேசான சேதம் என்றால் வாரக்கணக்கில் தேறிவரும். இனி யார் வந்தாலும் "கழுத்தில் போடுங்க சார்" என்று நீங்களே சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பெரம்பூர்: வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோபெனாக் வாங்கிக் கொடுக்கலாமா?

கூடாது. 2006இலிருந்தே இந்தியாவில் அதை மாடுகளுக்குத் தரத் தடை. செத்த மாட்டைத் தின்ற கழுகுகள் அந்த மருந்தால்தான் சிறுநீரகம் கெட்டு மாண்டன. கீட்டோபுரோபென், அசிகுளோபெனாக் இரண்டும் 2023இல் தடையாகிவிட்டன. மெலாக்சிகாம் இருக்கிறது, அளவை டாக்டர் சொல்லட்டும். இன்னொன்று, பால் குடிக்காமல் வறண்டு கிடக்கிற கன்றுக்கு எந்த வலி மருந்தும் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். முதலில் நீர்ச்சத்து.

மயிலாப்பூர்: பிறந்ததிலிருந்தே இரண்டு முன்னங்கணுக்காலும் மடங்கியிருக்கின்றன. முறிவா?

வலியும் வீக்கமும் இல்லை என்றால் முறிவல்ல, தசைநார் சுருக்கம். குளம்பின் நுனியிலாவது ஊன்றினால் சொரசொரப்பான தரையில் நடக்க விடுங்கள், சில நாளில் தானே நீளும். கணுக்கால் தரையில் உரசினால் கட்டு வேண்டும். டைல்ஸ் தரையில் மட்டும் விடாதீர்கள். வழுக்கிக் கால் அகட்டி விழுந்தால் இன்னொரு கேள்வி அனுப்ப வேண்டியிருக்கும்.

எண்ணூர்: அடிபட்ட கன்றை வேப்பேரி வரை எப்படிக் கொண்டுவருவது? ஆட்டோவில் மடியில் வைத்து வரலாமா?

பத்து நாள் கன்று என்றால் வரலாம். பெரிய கன்றுக்கு குட்டி யானை வண்டிதான் சரி. வைக்கோலைக் கனமாகப் பரப்பி, அதன் மேல் கோணிச் சாக்கு போட்டு, அடிபட்ட கால் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். தலைமாட்டில் ஒருவர் உட்கார்ந்து எழவிடாமல் பிடித்துக்கொள்ளட்டும். நாலு காலையும் சேர்த்துக் கட்டாதீர்கள், திமிறும்போது முறிவு மோசமாகும். வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுங்கள், காலையில் சீக்கிரம் வந்தால் எக்ஸ்ரேவும் கட்டும் ஒரே நாளில் முடிய வாய்ப்புண்டு. மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் கிளம்பும் முன் வயிறு முட்டப் பால் கொடுக்க வேண்டாம். புட்டியில் பாலை எடுத்துவந்து, டாக்டர் சரி என்ற பிறகு கொடுங்கள்.