கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: 1985-ல் பத்தாம் வகுப்பு முடித்த எங்கள் செட் போன வருஷம் கூடியது. பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் வீடு, பிள்ளைகள் வேலை என்றே பேசினார்கள். மறுபடியும் கூட்டுவது தேவையா?
– வாசகர், மண்டபம்

பதில்: தேவைதான். ஆனால் எந்தக் கிழமையில் வைத்தீர்கள்? எங்கள் செட்டில் வெளியூர்க்காரர்கள் வசதிக்காகச் சனிக்கிழமை வைத்தார்கள். ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிதான் கடலுக்குப் போகும். கடைசி பெஞ்சுக்காரர்கள் அத்தனை பேரும் கடலில். வந்தவர்கள் எல்லாம் பேங்க், ரயில்வே, துபாய். அப்புறம் பேச்சு வீட்டுக்கடனில் போய் நிற்காமல் என்ன செய்யும்?

பேச்சை மாற்றியது பாம்பன் தீவிலிருந்து கடல் தாண்டிப் படிக்க வந்த ஒரு பெண்தான். ரோட்டுப்பாலம் 1988-ல்தான் திறந்தது. அதுவரை 1914-ல் கட்டிய ரயில் பாலம்தான் கதி. காற்று பலமாக அடித்தால் ரயிலை நிறுத்திவிடுவார்கள், அவளும் பள்ளிக்கு வரமாட்டாள். “கணக்குப் பரீட்சை அன்றைக்கு மட்டும் காற்று எப்படிம்மா அடித்தது?” என்று ஒருவன் கேட்டான். சபை சிரித்த சிரிப்பில் வழுக்கைத் தலைகள் எல்லாம் பத்தாம் வகுப்பு ஆகிவிட்டன. (வாத்தியார் அவளை ஒருநாளும் நம்பியதில்லை.)

ஆகவே அடுத்ததை மே மாதம் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். துபாய்க்காரர் லீவு போடட்டும். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது, மீன் வரும்.